157 வந்தால் காம்பாக்டரைத் தொடலாமா? ஜிஎஸ்எம் சார்ட்டைப் பார்த்து முடிவெடுக்கும் முறை

பையர் கேட்டது 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்சி, அதாவது டி-ஷர்ட்டுக்கான பின்னல் துணி. காம்பாக்டிங் (துணியை நீளவாக்கில் அமுக்கிச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேலை) முடிந்து வந்த ரோலை வெட்டி எடை போட்டால் 157. முந்தைய ரோல் 160, அதற்கும் முந்தையது 162. எண் இறங்கிக்கொண்டே வருவதுபோலத் தெரிகிறது. ஆபரேட்டர் ஓவர்ஃபீடை, அதாவது மிஷினுக்குள் கூடுதலாக ஊட்டும் துணியின் அளவை, கொஞ்சம் ஏற்றுகிறார். அடுத்த ரோல் 163. உடனே குறைக்கிறார். ஷிப்ட் முழுக்க இப்படியே ஓடும். யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். துணி மட்டும் முன்பைவிட ஏறுக்குமாறாக வந்துகொண்டிருக்கும்.

157ஐப் பார்த்ததும் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: மிஷினைத் தொடுவதா, விடுவதா? அந்த ஒரு எண்ணை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் விடை கிடைக்காது. இந்த மிஷின், இந்த நூல், இந்த ஆட்களோடு ஓடும்போது எண் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்று தெரிந்தால்தான் 157 வழக்கமான ஆட்டமா, புதிதாக ஏதோ நடந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். இதைக் காட்டும் படம்தான் கன்ட்ரோல் சார்ட். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் 1924 மே மாதம் தன் மேலாளருக்கு எழுதிய ஒரு குறிப்பில் இதை முதலில் வரைந்து காட்டினார். நூறு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் கால்குலேட்டரும் போதும். சாஃப்ட்வேர் வாங்கினால்தான் முடியும் என்று யாராவது சொன்னால், முதல் மாதம் கையால் வரைந்து பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

திருப்பூர் பக்கம் அன்றாடம் அளக்கும் எண் என்பதால் இங்கே ஜிஎஸ்எம்மை எடுத்துக்கொள்கிறோம். அடுமனையில் ரொட்டி எடைக்கும், பால் சொசைட்டியில் கொழுப்புச் சதவீதத்துக்கும் கணக்கு இதேதான்.

முதலில் தராசும் கட்டரும்

சார்ட்டில் வைக்கும் புள்ளியே தப்பாக இருந்தால் அதன்மேல் எத்தனை கோடு போட்டும் பிரயோஜனமில்லை. ஜிஎஸ்எம்மில் அந்தத் தப்பு வரும் இடங்கள் நான்கு.

தராசு: ரவுண்ட் கட்டர் வெட்டும் வட்டம் 100 சதுர செ.மீ. அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.60 கிராம் என்றால் 160. ஆக, 0.1 கிராம் வரைதான் காட்டும் தராசில் எண் 150, 160, 170 என்று பத்துப் பத்தாகத் தாவும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குறைந்தது 0.01 கிராம் காட்ட வேண்டும், 0.001 இருந்தால் நிம்மதி. ஃபேன் காற்று படாத இடத்தில், ஆடாத மேசையில் இருக்கட்டும்.

கட்டர்: 100 சதுர செ.மீ வட்டத்தின் விட்டம் 11.28 செ.மீ. வெட்டிய துண்டை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். விட்டத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் 160 ஆக இருக்க வேண்டிய துணி 157 என்று காட்டும். பிளேடு மழுங்கியிருந்தாலோ, அடியில் வைக்கும் ரப்பர் பேட் குழிவிழுந்திருந்தாலோ துணி இழுபட்டு வெட்டுப்படும். அப்போதும் எண் தப்பும்.

ஈரம்: பருத்தி சாதாரணக் காற்றில் தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காம்பாக்டரில் இருந்து சூடாக இறங்கும் துணியில் அவ்வளவு இருக்காது. 3 சதவீதத்தோடு இறங்கிய துணியை அப்படியே எடை போட்டால், நிஜத்தில் 160 ஆன துணி 153க்குப் பக்கத்தில் காட்டும். முறைப்படி 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து அளக்க வேண்டும். அந்த வசதி இல்லாத யூனிட்டில் செய்யக்கூடியது, ஒரே அறையில், ஒரே மாதிரி விரித்து, குறைந்தது நான்கு மணி நேரம் போட்டுவிட்டு அளப்பது. ஒரு ரோலைச் சூட்டோடும் அடுத்த ரோலை மறுநாள் காலையிலும் அளந்தால், நீங்கள் அளப்பது துணியை அல்ல, காத்திருந்த நேரத்தை.

வெட்டும் இடம்: ஓரத்திலும் மடிப்பிலும் வெட்டாதீர்கள். டயாவின் (துணியின் அகலத்தின்) குறுக்கே ஐந்து இடத்தில் வெட்டி, ஐந்தின் சராசரியை அந்த ரோலின் எண்ணாக எழுதுங்கள். முழு எண் போதும்.

20 ரோல் வரும்வரை கை கட்டி இருங்கள்

எல்லைக்கோடு போட 20 ரோலின் எண்கள் வேண்டும். ரோல் எந்த வரிசையில் மிஷினில் இருந்து இறங்கியதோ அதே வரிசையில் எழுத வேண்டும். லாட் வாரியாகவோ சிறிதிலிருந்து பெரிதாகவோ அடுக்கிவிட்டால் சார்ட் செத்துவிடும். நேர வரிசைதான் அதன் உயிர்.

இருபதும் ஒரே லாட், ஒரே ஷிப்டில் இருந்து வந்தால் ஆட்டம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். கோடு நெருக்கமாக விழும். பிறகு தினமும் பொய் அலாரம் அடிக்கும். இரண்டு மூன்று லாட், இரண்டு ஷிப்டும் கலந்திருக்கட்டும். ஆனால் துணி ஒன்றே, காம்பாக்டர் ஒன்றே.

இந்த 20 ரோல் ஓடும்போது செட்டிங்கைத் தொடக்கூடாது. தொட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், எந்த ரோலுக்கு முன், எதை, எவ்வளவு மாற்றினார் என்று எழுத வேண்டும். ஆபரேட்டர்களுக்கு இது கஷ்டமான கட்டம். கையை வைக்காமல் இருப்பதை வேலை செய்யாமல் இருப்பதாக நினைப்பார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எண்ணுக்குக் கீழே ஒரு குறிப்பு வரி கட்டாயம். நூல் லாட் மாறியது, ஊசி மாற்றியது, ஷிப்ட் மாறியது, கரண்ட் போய் வந்தது, டையிங்கில் இருந்து ரோல் ஈரமாக வந்தது என நடந்தது எதுவானாலும் அந்த ரோலுக்கு நேர்கீழே இரண்டு சொல் எழுதினால் போதும். பிற்பாடு சார்ட்டில் எல்லை தாண்டிய புள்ளி ஒன்று வரும்போது, காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்த வரியில்தான். புள்ளி மட்டும் வைத்துக் குறிப்பு எழுதாத சார்ட் சுவர் அலங்காரம்.

கணக்கு

உதாரணத்துக்கு இந்த 20 எண்களை வைத்துக்கொள்வோம்: 161, 158, 162, 160, 157, 161, 163, 159, 160, 158, 162, 159, 161, 160, 158, 163, 160, 159, 161, 160.

கூட்டி 20ஆல் வகுத்தால் 160.1. இதுதான் நடுக்கோடு. பையர் கேட்ட 160ஐ நடுக்கோடாகப் போடாதீர்கள். மிஷின் கொடுப்பது எதுவோ அதுதான் நடுக்கோடு.

அடுத்து, பக்கத்துப் பக்கத்து ரோலுக்கு இடையே உள்ள வித்தியாசம். கூட்டல் கழித்தல் குறி வேண்டாம், அளவு மட்டும். 161க்கும் 158க்கும் 3. 158க்கும் 162க்கும் 4. பிறகு 2, 3, 4, 2 என்று போகும். 20 எண்ணுக்கு 19 வித்தியாசம் வரும். மொத்தம் 49. 19ஆல் வகுத்தால் 2.58. ஒரு ரோலுக்கும் அடுத்த ரோலுக்கும் இடையே சராசரியாக இரண்டரை ஜிஎஸ்எம் ஆட்டம் இருக்கிறது என்று பொருள்.

இந்த 2.58ஐ 2.66ஆல் பெருக்குங்கள். 6.86 வரும். நடுக்கோட்டோடு கூட்டினால் மேல் எல்லை 167.0, கழித்தால் கீழ் எல்லை 153.2. இந்த 2.66 மாறாத எண். ஒவ்வொன்றாக அளக்கும் எந்த விஷயத்துக்கும் இதுதான். கூடவே 2.58ஐ 3.267ஆல் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள்: 8.4. அடுத்தடுத்த இரண்டு ரோலுக்கு இடையே 9 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்தால், இரண்டு எண்ணும் எல்லைக்குள் இருந்தாலும், ஏதோ திடீரென்று மாறியிருக்கிறது.

வித்தியாசத்தை விட்டுவிட்டு எக்செலில் எஸ்டிடெவ் (திட்டவிலக்கம்) போட்டு அதை மூன்றால் பெருக்கினால் என்ன என்று கேட்பார்கள். எண்கள் ஒழுங்காக இருக்கும்போது பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் இருபதின் நடுவில் சராசரியே ஒரு படி இறங்கியிருந்தால், எஸ்டிடெவ் அந்த இறக்கத்தையும் ஆட்டத்தில் சேர்த்துப் பெரிதாகிவிடும். கோடு அகலமாகி, காட்ட வேண்டியதையே மறைத்துவிடும். பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தில் அந்த இறக்கம் ஒரே ஒரு முறைதான் நுழையும். ஷூவார்ட்டின் வழியில் வந்தவர்கள் பலரும் இந்த வித்தியாசக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

வரைதல்

கிராஃப் தாளைப் படுக்கை வசமாக வையுங்கள். நிமிர்ந்த அச்சு 150இல் தொடங்கி 170இல் முடியட்டும், ஒரு ஜிஎஸ்எம்முக்கு அரை செ.மீ. கிடை அச்சில் ரோலுக்கு அரை செ.மீ. நடுக்கோடு தொடர்கோடு, எல்லைகள் விட்டுவிட்ட கோடு. புள்ளிகளை நேர்கோட்டால் இணையுங்கள். எக்செலின் வளைத்து இணைக்கும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். இல்லாத மேடு பள்ளத்தை அது உண்டாக்கும்.

எக்செலில் செய்பவர்கள் அச்சின் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களைக் கையால் பூட்டி வையுங்கள். தானாக விட்டால், எண்கள் 159க்கும் 161க்கும் நடுவே இருக்கும் நாளில் அதையே மலையும் மடுவுமாகக் காட்டும். 150 ஒன்று வந்துவிட்ட நாளில் மற்றதையெல்லாம் தட்டையாக்கிவிடும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் கண்ணால் ஒப்பிடவே முடியாது.

பட்டைப் படம் வேண்டாம். பட்டையின் உயரம்தான் எண் என்பதால் அது பூஜ்யத்தில் இருந்து தொடங்கியாக வேண்டும். அப்படித் தொடங்கினால் 153ம் 167ம் கிட்டத்தட்ட ஒரே உயரமாகத் தெரியும். பூஜ்யத்தை வெட்டி 150இல் தொடங்கினால் 153ஐப் போல 167 ஐந்தரை மடங்கு உயரத்தில் நிற்கும். இரண்டுமே கண்ணை ஏமாற்றும். புள்ளிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதற்கு இடம்தான் முக்கியம். அதனால் 150இல் அச்சைத் தொடங்குவது தவறில்லை.

பச்சை, சிவப்பு வண்ணம் பூசும் பழக்கத்தையும் விடுங்கள். 153.3க்குப் பச்சையும் 153.1க்குச் சிவப்பும் அடித்தால், ஆட்கள் புள்ளியின் போக்கைப் பார்க்காமல் நிறத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தவிர, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண் உள்ள ஆண்கள் பல கம்பெனிகளிலும் இருப்பார்கள்.

எப்போது தொட வேண்டும்

மேலே சொன்ன 9 ஜிஎஸ்எம் தாவலைத் தவிர, மூன்று அடையாளம் போதும்.

1. ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே விழுந்தால்.
2. அடுத்தடுத்து எட்டுப் புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால்.
3. அடுத்தடுத்த நான்கில் மூன்று, நடுக்கோட்டைவிட எல்லைக்கோட்டுக்கு நெருக்கமாக, ஒரே பக்கம் விழுந்தால். நம் உதாரணத்தில் 163.5க்கு மேலே, அல்லது 156.7க்குக் கீழே.

இரண்டாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். 20 ரோலுக்குப் பிறகு வந்த எட்டு ரோல் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 158, 157, 159, 156, 158, 159, 157, 158. பையர் விட்டுக்கொடுக்கும் அளவு கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்றால் 152 முதல் 168 வரை செல்லும். எட்டும் பாஸ். எட்டும் நம் எல்லைக்குள்ளும் இருக்கின்றன. ரிப்போர்ட் எழுதுபவர் எட்டுக்கும் சரி என்று டிக் போட்டுவிடுவார். சார்ட்டில் பார்த்தால் எட்டும் 160.1க்குக் கீழே. சராசரி 157.75க்கு இறங்கிவிட்டது. ஆட்டம் பழையபடி 6.86 என்றால், இனி வரும் ரோல்கள் 150.9 வரை இறங்கலாம், அதாவது 152க்கும் கீழே. ரிஜெக்ஷன் இன்னும் வரவில்லை, ஆனால் கிளம்பிவிட்டது. நாணயம் சுண்டினால் எட்டு முறையும் ஒரே பக்கம் விழ 128இல் ஒரு வாய்ப்பு. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடியது அல்ல.

புத்தகங்களில் இன்னும் நிறைய விதிகள் இருக்கும். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். எல்லைக்கு வெளியே என்ற ஒரே விதியை மட்டும் வைத்தால், எதுவும் நடக்காதபோதும் பொய் அலாரம் சராசரியாக 370 புள்ளிக்கு ஒரு முறைதான் அடிக்கும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் நான்கு விதிகளையும் ஒருசேர வைத்தால் அது சுமார் 92 புள்ளிக்கு ஒரு முறை ஆகிவிடும். நான்கு முறை ஓடிப்போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்று திரும்பியவர் ஐந்தாவது முறை எழுந்திருக்க மாட்டார்.

அடையாளம் வந்தால் யார், எந்த வரிசையில், எதைப் பார்ப்பது

இதைச் சார்ட் தொடங்கும் நாளிலேயே எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். புள்ளி வெளியே போனபிறகு கூடிப் பேசினால், நிட்டிங் டையிங்கைச் சொல்லும், டையிங் நூலைச் சொல்லும். வரிசை இப்படி இருக்கலாம்.

முதலில் கியூ.சி. ஆள் அதே ரோலில் இன்னொரு ஐந்து இடத்தில் வெட்டி மறுபடி எடை போட வேண்டும். தராசில் ஒரு எடைக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். துணி எவ்வளவு நேரம் விரிந்து கிடந்தது என்று கேட்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. இங்கேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் சரிபார்க்கச் செலவு குறைந்த காரணம் இதுதான்.

எண் அதேதான் என்றால், குறிப்பு வரியைப் பாருங்கள். நூல் லாட் மாறியதா? 30 கவுண்ட் (கவுண்ட் எண் கூடினால் நூல் மெல்லியது) என்று வந்த நூல் நிஜத்தில் 30.5 ஆக ஓடினால், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தாலும் 160 என்பது 157.4 ஆகும். மேலே சொன்ன எட்டுப் புள்ளி இறக்கத்துக்கு இது ஒன்றே போதும். கோன் ஸ்டிக்கரில் லாட் நம்பரைப் பார்த்து, நூலை லேப்புக்கு அனுப்பிக் கவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து லூப் லெங்த், அதாவது ஒரு பின்னல் கண்ணிக்குப் போகும் நூலின் நீளம். சாயம் ஏறாத கிரே துணியில் ஒரு கோர்ஸில் (குறுக்கே ஓடும் ஒரு லூப் வரிசையில்) நூறு லூப்புக்கு அடையாளம் வைத்து, நூலைப் பிரித்து, சுருக்கம் போக நீட்டி, ஆனால் இழுக்காமல், ஸ்கேலில் அளந்தால் 27.5 செ.மீ வருகிறது என்று வையுங்கள். ஒரு லூப் 2.75 மி.மீ. அது 2.80 ஆகியிருந்தால் 160 ஜிஎஸ்எம் சுமார் 157 ஆகும். லூப் நீண்டால் துணி லேசாகும், குறுகினால் கனக்கும்.

காம்பாக்டரின் ஓவர்ஃபீடும் டயா செட்டிங்கும் கடைசியில்தான். டயாவை இழுத்து விரித்தால் ஜிஎஸ்எம் குறையும்; நீளவாக்கில் அதிகமாக அமுக்கினால் கூடும். காரணம் நூலில் இருக்கும்போது காம்பாக்டரில் சரிக்கட்டினால் ஜிஎஸ்எம் 160 ஆகிவிடும், ஆனால் சுருக்கமோ டயாவோ வேறு எங்கேயாவது போய் நிற்கும். கார்மென்ட் துவைத்த பிறகு அந்த வழக்கு வேறு பெயரில் திரும்பி வரும்.

அடையாளம் இல்லாதபோது தொட்டால் என்ன ஆகும்

தொடக்கத்தில் சொன்ன ஆபரேட்டருக்கு வருவோம். ஒவ்வொரு ரோலும் 160இல் இருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவும் எதிர்ப்பக்கம் திருப்புகிறார். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த 157க்கு மிஷின் காரணமில்லை, வழக்கமான ஆட்டம் என்றால், அடுத்த ரோல் அதன்பாட்டுக்கு 160ஐச் சுற்றித்தான் வந்திருக்கும். அதன்மேல் இவர் 3 ஏற்றியதால் அது 163ஐச் சுற்றி வரும். முந்தைய ரோலின் ஆட்டம் இந்த ரோலின் ஆட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது.

இரண்டு ஆட்டம் சேர்ந்தால் பரவல் 1.41 மடங்கு ஆகும். நம் உதாரணத்தில் கூட்டல் கழித்தல் 6.86 என்பது 9.7 ஆகும். தொடாமல் விட்டிருந்தால் 153.2 முதல் 167.0 வரை இருந்திருக்கும் துணி, அக்கறையோடு திருப்பியதால் 150.4 முதல் 169.8 வரை போகும். பையரின் 152, 168 இரண்டையும் தாண்டியாகிவிட்டது. தரக்கட்டுப்பாட்டு நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் புனலும் கோலிக்குண்டும் வைத்து வகுப்புகளில் இதைத்தான் செய்து காட்டுவார். இலக்கைப் பார்த்துப் புனலை நகர்த்த நகர்த்தக் குண்டுகள் சிதறிக்கொண்டே போகும்.

ஆகவே, சார்ட் அமைதியாக இருக்கும்போது 157க்கு எடுக்க வேண்டிய முடிவு, தொடாமல் விடுவது. அந்தக் குறிப்பு வரியில் ‘தொடவில்லை’ என்று எழுதுவதுகூட நல்ல பழக்கம்தான்.

பையரின் எல்லையும் நம் எல்லையும் வேறு வேறு

152, 168 என்பது பையரின் விருப்பம். 153.2, 167.0 என்பது மிஷின் பேசுவது. இரண்டையும் ஒரே நிறத்தில் ஒரே தாளில் போட்டால் குழப்பம்தான். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிறதா என்று தனியாகப் பாருங்கள்.

நம் எல்லை பையரின் எல்லைக்குள் அடங்கி, அடையாளமும் எதுவும் இல்லை என்றால் ஓடவிடலாம். அடங்குகிறது, ஆனால் அடையாளம் வருகிறது என்றால் ரிஜெக்ஷன் இல்லாவிட்டாலும் காரணம் தேட வேண்டும். அடையாளம் எதுவும் இல்லை, ஆனால் நம் எல்லை பையரின் எல்லையைவிட அகலம் என்றால் நிலைமை வேறு. அப்போது ஆபரேட்டரைக் கூப்பிட்டுத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. அவர் எதையும் தப்பாகச் செய்யவில்லை. அமைப்பே இவ்வளவுதான் தரும். நூல் வாங்கும் மில், நிட்டிங் மிஷின்களின் லூப் லெங்த் ஒன்றுபோல் இருப்பது, டையிங்கில் உலர்த்தும் விதம் என்று அடிப்படையை மாற்றும் முடிவு முதலாளி எடுக்க வேண்டியது. அதுவரை ரோல் ரோலாகப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும்.

நம் உதாரணம் மயிரிழையில்தான் அடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. நம் புள்ளி ஐந்து வெட்டின் சராசரி. பையரின் லேப் ஒரே இடத்தில் வெட்டினால் அந்த எண் இன்னும் அகலமாக ஆடும். ஆர்டர் எடுக்கும்போதே எத்தனை வெட்டின் சராசரி என்று மெர்ச்சண்டைசர் எழுதி வாங்கிவிடுவது உத்தமம்.

சார்ட் பொய் சொல்லும் இடங்கள்

ஐந்து வெட்டு இருக்கிறதே, பாடப்புத்தகத்தில் உள்ளபடி சராசரிக்கு ஒன்று, வீச்சுக்கு (பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு) ஒன்று என இரட்டைச் சார்ட் போட்டு 0.577 என்ற எண்ணை வைத்து எல்லை போடலாமே என்று தோன்றும். போட்டால் பாதிப் புள்ளிகள் வெளியே நிற்கும். ஒரு ரோலுக்குள் ஐந்து வெட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஆட்டமெல்லாம் ரோலுக்கும் ரோலுக்கும் இடையில். அந்த முறை ரோலுக்குள் உள்ள சின்ன ஆட்டத்தை வைத்து ரோல்களுக்கு இடையிலான பெரிய ஆட்டத்தை அளக்கப் பார்க்கும். தவறு புத்தகத்தில் இல்லை, எதை ஒரு குழுவாகக் கட்டுகிறோம் என்பதில்.

இதற்கு நேர் எதிர், இரண்டு காம்பாக்டரின் ரோல்களை மாற்றி மாற்றி ஒரே சார்ட்டில் வைப்பது. ஒன்று 158ஐச் சுற்றியும் மற்றது 162ஐச் சுற்றியும் ஓடினால் கோடு ரம்பப் பல்போல மேலும் கீழும் போகும். வித்தியாசம் பெரிதாகி எல்லைகள் அகலும். பிறகு எது நடந்தாலும் எல்லைக்குள்தான் இருக்கும். அளவுக்கு மீறி அமைதியான சார்ட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள். மிஷினுக்கு ஒரு தாள்.

புகார் வந்த லாட்டை மட்டும் எடுத்து வைத்துப் படம் போடுவது மூன்றாவது. இதன் விலை என்ன என்பதற்கு 1986 ஜனவரியில் நடந்தது சாட்சி. சேலஞ்சர் விண்கலம் ஏவுவதற்கு முந்தைய இரவு, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் ஓ-வளையம் தாங்குமா என்று விவாதம் நடந்தது. சேதம் கண்ட ஏவுதல்களை மட்டும் வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தபோது, குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம், தொடர்பு ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது. சேதமே இல்லாத ஏவுதல்களையும் சேர்த்துப் பிற்பாடு விசாரணைக் குழு பார்த்தது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 ஏவுதல்களில் மூன்றில்தான் சேதம். 65க்குக் கீழே நடந்த நான்கிலும் சேதம். ஏவிய காலையில் வெப்பநிலை 36. ஏழு பேர் இறந்தார்கள். நல்ல ரோலின் எண்ணும் தாளில் இருந்தால்தான் கெட்ட ரோல் எதனால் கெட்டது என்று தெரியும்.

மாதாமாதம் எல்லையைப் புதிதாகக் கணக்கிடும் வழக்கமும் கெடுதல். சராசரி மெல்ல இறங்கினால் எல்லையும் கூடவே இறங்கி, இறக்கத்தை மூடி மறைத்துவிடும். நீங்களாக ஒன்றை மாற்றி, அதனால் புள்ளிகள் இடம் மாறி, அந்த மாற்றம் நிலைக்கும் என்றும் தெரிந்தால் மட்டும் புதுக்கோடு போடுங்கள். பழைய கோட்டை அழிக்காமல், மாறிய இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, தேதியும் காரணமும் எழுதிவிட்டுத் தொடருங்கள். அதேபோல, அசிங்கமாக நிற்கிறது என்பதற்காக எந்தப் புள்ளியையும் நீக்காதீர்கள். காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்த புள்ளியை எல்லைக் கணக்கில் மட்டும் விட்டுவிடலாம். தாளில் அது இருக்க வேண்டும்.

ஆபீஸ் மீட்டிங்குக்கு

போன மாதம் ரிஜெக்ஷன் 2.1 சதவீதம், இந்த மாதம் 2.6, இருபத்து நான்கு சதவீதம் ஏறிவிட்டது, ஏன் என்று விளக்கம் எழுதிக் கொடு என்று கேட்கும் மீட்டிங்குகள் எல்லா இடத்திலும் நடக்கின்றன. இரண்டு எண்ணை ஒப்பிட்டால் ஒன்று கட்டாயம் கூடத்தான் இருக்கும், அல்லது குறையத்தான் இருக்கும். அதற்கெல்லாம் காரணம் எழுதச் சொன்னால் ஆட்கள் கதை எழுதுவார்கள். கடந்த 12, 15 மாத எண்களை வைத்து மேலே சொன்னபடியே 2.66 கணக்கில் எல்லை போட்டுக் காட்டுங்கள். 2.6 உள்ளே இருந்தால் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியதில்லை. 2.6 என்பதே அதிகம் என்று முதலாளி நினைத்தால், ஒரு மாதத்தைப் பிடித்து உலுக்காமல் பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்த்து அமைப்பை மாற்ற வேண்டும்.

சதவீதத்தோடு எத்தனை பீஸில் என்பதையும் குறித்து வையுங்கள்; 500 பீஸ் ஆர்டரில் 2 சதவீதமும் 50,000 பீஸ் ஆர்டரில் 2 சதவீதமும் ஒரே அளவு ஆடாது. ஊசி முனை உடைந்து துணியில் சிக்குவதுபோல எப்போதாவது நடப்பவற்றுக்கு மாத எண்ணிக்கை 0, 0, 1, 0 என்றே வரும், அதில் எல்லை போட்டு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவற்றுக்கு, ஒரு சம்பவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது என்பதைப் புள்ளியாக வையுங்கள்.